பிசினஸ் விசாவில் பையனை ஜப்பானுக்கு அனுப்பலாமா?

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆந்திர ஊரான சத்தியவேட்டிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகன் தமிழ்நாட்டுப் பாலிடெக்னிக் ஒன்றில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவன். பக்கத்துத் தொழில்நகரமான ஸ்ரீசிட்டியில் ஜப்பான்காரர்களின் உதிரிபாகக் கம்பெனியில் 14 மாதமாக வேலை. இப்போது 88 நாள் பயிற்சிக்கு ஜப்பானில் இருக்கும் தலைமைக் கம்பெனிக்கு அனுப்பப்போகிறார்களாம், பிசினஸ் விசாவில். "போகச் சொல்லலாமா சார்? போனவன் அப்படியே அங்கே வேறு வேலை பார்த்துக்கொண்டு தங்கிவிடட்டும் என்கிறான் என் தம்பி. பெண் வீட்டார் வேறு இப்போதே ஜப்பான் மாப்பிள்ளை என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குத் தூக்கமே இல்லை."

அம்மா, முதலில் உங்கள் தம்பியின் யோசனையை ஓரம்கட்டிவிடுவோம். பிசினஸ் விசா என்று கம்பெனியில் சொல்வது ஜப்பான் கணக்கில் குறுகிய காலத் தங்கல். அதிகபட்சம் 90 நாள். அதில் போய் இறங்கிவிட்டு, அங்கிருந்தே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளச் சாதாரணமாக வழி கிடையாது. தவிர்க்க முடியாத காரணம் இருந்தால்தான் பரிசீலிப்பார்கள். கெடு தாண்டித் தங்கி, பிடிபட்டு, நாடு கடத்தப்பட்டால் 5 வருடம் அந்த நாட்டு வாசலை மிதிக்க முடியாது. கம்பெனி வேலையும் போகும். என் அக்கா மகன் ஒருவன் இப்படித்தான் விசிட் விசாவில் துபாய் போனான். "போய் இறங்கு, மாத்திக்கலாம்" என்றார் ஏஜென்ட். எட்டுப் பேர் படுக்கிற அறையில் இரண்டு மாதம் கிடந்தான். ஏஜென்டின் போன் அணைந்தே இருந்தது. திரும்பி வர டிக்கெட்டுக்கு அக்காவின் வளையல் போனது.

ஆனால் பிசினஸ் விசா என்றாலே ஏமாற்று என்று பயப்பட வேண்டாம். ஸ்ரீசிட்டியிலிருந்து மாதாமாதம் அப்படிப் போய் வருகிறவர்கள் உண்டு. அங்கே போய் என்ன செய்யப்போகிறான் என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய அழைப்புக் கடிதத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். வருகையின் நோக்கம் என்ற இடத்தில் 'தொழில்நுட்பக் கலந்தாய்வு, ஆலையைப் பார்வையிடல்' என்று இருக்கிறது. சூப்பர்வைசரோ, "ரெண்டு வாரம் கிளாஸ், அப்புறம் லைன்ல நிக்கணும், நைட் ஷிஃப்டும் வரும்" என்று சொன்னதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கடிதம் ஒன்று சொல்கிறது, சூப்பர்வைசர் வேறொன்று சொல்கிறார். கூட்டத்தில் உட்காரலாம், ஒப்பந்தம் பேசலாம், விற்ற மெஷினைச் சரிபார்த்துத் தரலாம், வகுப்பு கேட்கலாம், உற்பத்தி லைனை ஓரமாக நின்று பார்த்துக் குறிப்பெடுக்கலாம். இதெல்லாம் அந்த விசாவுக்குள் அடங்கும். விற்பனைக்குப் போகிற சரக்கை அங்குள்ள தொழிலாளிகளோடு சேர்ந்து நின்று செய்தால் அது வேலை. சம்பளம் இங்கேயே ஏறுகிறது, அங்கே பேட்டா மட்டும்தான் என்று சொன்னாலும், விசாரிக்கிற அதிகாரி கையில் என்ன இருந்தது என்றுதான் பார்ப்பார்.

பெரிய கம்பெனி, அவர்களுக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். 2025 செப்டம்பர் 4 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஹூண்டாயும் எல்ஜியும் சேர்ந்து கட்டிக்கொண்டிருந்த பேட்டரி ஆலையில் குடியேற்றத் துறை புகுந்து 475 பேரைப் பிடித்தது. அதில் 300 பேருக்கு மேல் தென்கொரியர்கள். பலர் மெஷின் பொருத்தப் போன தொழில்நுட்பக்காரர்கள். பிசினஸ் விசாவிலும், விசா இல்லாமல் நுழையும் குறுகிய கால அனுமதியிலும் போனவர்கள். வெளிநாட்டுக் கம்பெனி விற்ற மெஷினைப் பொருத்துவதற்கு அமெரிக்க பிசினஸ் விசாவில் இடம் உண்டு என்று வழக்கறிஞர்கள் வாதாடினார்கள். வாதம் சரியோ தப்போ, அதற்குள் அந்த ஆட்கள் சங்கிலியோடு பஸ் ஏறிவிட்டார்கள். ஒரு வாரம் கழித்துத் தனி விமானத்தில் ஊர் திரும்பினார்கள். நாடு வேறு, சட்டம் வேறு என்றாலும், கம்பெனியின் பெயர் யாருக்கும் குடை பிடிக்காது என்பதற்காகச் சொல்கிறேன்.

அதனால் மகன் எச்.ஆரிடம் சண்டை போடாமல், ஒரு மின்னஞ்சலாகக் கேட்கட்டும். 88 நாளின் அட்டவணை என்ன, எந்த நாளில் எந்தப் பிரிவு? உற்பத்தி லைனில் நிற்க வேண்டுமா? அங்கே இருக்கும்போது சம்பளமும் பேட்டாவும் யார் தருவது? அடிபட்டால் காப்பீடு எது? பதில் எழுத்தில் வரவேண்டும். வாய்ச்சொல் விமான நிலையக் கவுண்டரில் செல்லாது. பாண்டு பேப்பர் நீட்டினால் கையெழுத்துக்கு முன் எனக்கு ஒரு படம் அனுப்புங்கள். டிப்ளமோ சான்றிதழின் ஒரிஜினலை யாரிடமும் விட்டுவைக்க வேண்டாம்.

வகுப்பு மட்டுமில்லை, அங்கே வேலையும் பார்க்க வேண்டும் என்றால், அதற்குத் தகுந்த விசாவைக் கேட்பதில் தப்பே இல்லை. இங்கேதான் உங்கள் மகனுக்கு ஒரு நல்ல சங்கதி இருக்கிறது. ஜப்பானில் இன்ஜினியர் விசா வேண்டுமானால் பட்டம் வேண்டும், அல்லது 10 வருட அனுபவம் வேண்டும். நம் 3 வருட டிப்ளமோ அங்கே பட்டமாக எடுபடாது. ஆனால் ஒரே குழுமத்துக்குள் இடம் மாற்றி அனுப்பும் விசா ஒன்று இருக்கிறது. அதற்குப் பட்டம் கட்டாயமில்லை. இங்குள்ள கிளையில் அதே தரத்து வேலையைத் தொடர்ந்து 1 வருடம் பார்த்திருக்க வேண்டும், ஜப்பான்காரருக்குக் கொடுக்கிற சம்பளத்துக்குக் குறையக் கூடாது. உங்கள் பையனுக்கு 14 மாதம் ஆகிவிட்டது. ஆனால் வெறும் லைன் வேலைக்கு அந்த விசா கிடைக்காது. தரக் கட்டுப்பாடு, டை (அச்சு) வடிவமைப்பு, பராமரிப்புத் திட்டம் மாதிரி படித்த படிப்போடு ஒட்டிய வேலையாக இருக்க வேண்டும். அதனால் இன்றைக்கே அவன் தன் வேலைப் பெயரும் பொறுப்பும் வேலை நியமனக் கடிதத்தில் என்னவென்று இருக்கின்றன என்று பார்க்கட்டும். ட்ரெயினி என்று மட்டும் இருந்தால், மாற்றிக் கேட்க வேண்டிய நேரம் இது. விண்ணப்பத்தை ஜப்பான் கம்பெனிதான் அங்குள்ள குடியேற்ற அலுவலகத்தில் போடும். அந்த விசாவுக்கு இவன் தகுதியானவன் என்று அந்த அலுவலகம் தரும் தகுதிச் சான்று வர 1 முதல் 3 மாதம். அந்தச் சான்றைக் காட்டி இங்கே விசா வாங்கி, 3 மாதத்துக்குள் போய் இறங்கிவிட வேண்டும். ஏஜென்டுக்கு இதில் ஒரு ரூபாய் வேலையும் இல்லை.

அப்புறம் பெயர். எல்லையில் இருக்கிற நம் பிள்ளைகளுக்கு இது தனித் தலைவலி. பாலிடெக்னிக் சான்றிதழில் அப்பா பெயரின் முதலெழுத்து. ஆதாரில் ஆந்திர வழக்கப்படி இன்டிபேர், அதாவது குடும்பப் பெயர், முன்னால். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. உங்கள் மகனுக்கு மூன்றும் மூன்று விதமாக இருக்கின்றன. நான் பார்த்த படங்களில் ஒன்று இன்னொன்றோடு ஒட்டவில்லை. தகுதிச் சான்றில் வரும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா, விசிட் விசாவில் வருகிறவர்களை விடுவதில்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. நாளை துபாய் பக்கம் போக நினைத்தாலும் சிக்கல் வரலாம். ஆதாரை முதலில் சரி செய்துகொண்டு, திருப்பதி பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் மறுவழங்கலுக்குப் போடுங்கள். கம்பெனி தேதி குறிப்பதற்கு முன்னால்.

மொழி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வருடத்துக்கு இரண்டு தடவை, ஜூலையிலும் டிசம்பரிலும், ஜப்பானிய மொழித் தேர்வு நடக்கிறது. சென்னையில் மையம் உண்டு. தமிழும் தெலுங்கும் பேசுகிற பிள்ளைக்கு அந்த மொழியின் வாக்கியம் அந்நியமாகத் தெரியாது, வினைச்சொல் நம்மைப் போலவே கடைசியில் வரும். 'வந்தாரா?' என்று நாம் ஆகாரம் சேர்த்துக் கேட்பதை அவர்கள் 'கிமாஷிதா கா?' என்று கா சேர்த்துக் கேட்கிறார்கள். சித்திர எழுத்துதான் கண்ணைக் கட்டும். அந்தத் தேர்வில் அடியிலிருந்து இரண்டாம் படியான என்4 நிலை வரை எட்டிவிட்டால், திறன் தேர்வும் எழுதி 5 வருடம் வரை தங்கும் இன்னொரு வேலை விசாவுக்கும் கதவு திறக்கும். அதில் குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாது என்பதைப் பெண் வீட்டாருக்கு இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

எச்.ஆர். பதில் வந்ததும் அட்டவணையை அனுப்புங்கள். அது வகுப்பும் பார்வையிடலுமாக இருந்தால் தாராளமாகப் போகட்டும், 88 நாள் ஓடிவிடும். ஜப்பான் மாப்பிள்ளைப் பேச்சை மட்டும் அவன் திரும்பி வரும்வரை தள்ளிப்போடுங்கள்.