யூலின் நாய்க்கறித் திருவிழா பழைய மரபுதானா?

சீனர்கள் எல்லாரும் நாய்க்கறி சாப்பிடுவார்களா, யூலின் திருவிழா அவர்களுடைய மரபா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்குப் பதில், இல்லை. பெரும்பாலான சீனர்கள் அதைத் தொடுவதே அபூர்வம்.

இரண்டாவதில்தான் விஷயம் இருக்கிறது. நாய்க்கறி உண்ணும் வழக்கம் சீனாவில் மிகப் பழையது. ஆனால் குவாங்ஷி பகுதியில் உள்ள யூலின் நகரில் ஜூன் 21-ஐ ஒட்டி, லிச்சிப் பழத்தோடு சேர்த்து நடக்கும் திருவிழா 2010 வாக்கில்தான் தலைகாட்டியது. வியாபாரத்துக்காகக் கிளப்பிவிட்டது என்பதுதான் எதிர்ப்பாளர்கள் வாதம்; எனக்கும் அப்படித்தான் படுகிறது. நகர நிர்வாகமோ 'நாங்கள் நடத்துவதில்லை' என்று கை கழுவிவிட்டது.

எதிர்ப்பு வெளிநாட்டிலிருந்து மட்டும் வருவதாக நினைக்காதீர்கள். 2011-ல் பெய்ஜிங் அருகே சுமார் 500 நாய்களோடு போன லாரியை நெடுஞ்சாலையில் மறித்து மீட்டவர்கள் சீனர்களே. வீட்டு நாய்களைத் திருடிக் கறிக்கு விற்கிறார்கள் என்பது அவர்களின் பெரிய கோபம். ஷென்ஜென் நகரம் 2020 மே 1 முதல் நாய், பூனைக் கறியைத் தடை செய்தது.

சரி, 'பன்றியைத் தின்னலாம், நாயைத் தின்னக் கூடாதா?' என்று யூலின்காரர்கள் திருப்பிக் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பன்றிக்குப் பண்ணையும் சுகாதாரச் சோதனையும் இருக்கின்றன. தெருவில் பிடித்த நாய்க்கு என்ன இருக்கிறது?