சங்கிலியின் மறுமுனை

அன்புள்ள ஐயா,

வில்லியம் லாம்டன் தொடங்கிய நில அளவையின் பாதையில், பரங்கிமலையிலிருந்து முசூரி வரை சைக்கிளில் போகத் திட்டமிட்டிருக்கிறேன். ஒரு மாத லீவு, ஒரு நாளைக்கு 100 கிலோமீட்டர். தனியாகப் போவது பைத்தியக்காரத்தனம் என்கிறார் அம்மா. போகலாமா? கியர் சைக்கிள் அவசியமா?

கே., மாரத்தஹள்ளி, பெங்களூரு

அன்புள்ள கே.,

போய் வாருங்கள். தினமும் ராத்திரி அம்மாவுக்குப் போன் செய்யுங்கள். அந்தக் கேள்வி முடிந்தது.

பாதை என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. 1802 ஏப்ரலில் பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் நீளக் கோடு ஒன்றைச் சங்கிலி போட்டு அளந்தார் லாம்டன். அதன்பின் பெரும்பாலும் கோணங்களை அளந்து தூரத்தைக் கணக்கிட்டதுதான். குன்றிலிருந்து குன்று, கோபுரத்திலிருந்து கோபுரம், முக்கோணத்தின் மேல் முக்கோணம். பெங்களூர், பீதர், சிரோஞ்ச் மாதிரி சில இடங்களில் மட்டும் மறுபடி சங்கிலியைத் தரைக்குக் கொண்டுவந்து சரிபார்த்தார்கள். கூகுள் மேப்பில் நீலக் கோடு விழுந்தால் அது லாம்டன் போன வழி ஆகிவிடாது தம்பி. பெங்களூருக்கு அப்புறம் நீங்கள் போகப்போவது 44ஆம் நம்பர் நெடுஞ்சாலை, லாரிக்காரர்களின் வழி. அதுவும் நல்ல வழிதான். 1823ல் லாம்டன் இறந்துபோன ஹிங்கன்காட் அதிலேயே வருகிறது.

நாளைக்கு 100 கிலோமீட்டர் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். அந்த ஏழரை மைலுக்கு அவர்களுக்கு 57 நாள் ஆனது. வெயிலில் எஃகு நீளும் என்று சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, முக்காலிகளில் தாங்கி, வெப்பமானி வைத்து அளந்தார்கள்.

வெயிலில் சங்கிலி வளரும் என்று எனக்கு முதலில் சொன்னவர் அப்பா. ஓசூர்ப் பக்கம் சர்வேயில் செயின்மேனாக இருந்தார். 66 அடி, 100 கண்ணி, பத்துக் கண்ணிக்கு ஒரு பித்தளை வில்லை. சாயங்காலம் அதை வாசலில் விரித்து, கண்ணி கண்ணியாக மண்ணை ஈர்க்குச்சியால் நோண்டி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைப்பார். வளைந்த கண்ணியை முட்டியில் வைத்து நிமிர்த்துவார். ஒவ்வொரு சங்கிலிக்கும் ஓர் இரும்புக் குச்சியை நட்டு எண்ண வேண்டும். ஒருநாள் ஒரு குச்சி விட்டுப்போய், 66 அடி காணாமல் போய்விட்டது. எண்ணிக்கையை எழுத வேண்டியவர் சர்வேயர். ஆனால் பட்டாதாரர் முன்னால் வசவு வாங்கியது அப்பா. அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. வரைபடத்தில் சர்வேயரின் கையெழுத்துதான் இருக்கும்.

இதை ஏன் இழுக்கிறேன் என்றால், உங்கள் கடிதத்தில் லாம்டன் மட்டும்தான் இருக்கிறார். 1808ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்துக்கு, கோணம் அளக்கும் அரை டன் தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் கூடாரத்தில் அடைந்துகிடந்து ஆறு வாரம் அதைத் தட்டி நிமிர்த்தியதை எல்லாரும் உருகி உருகிச் சொல்வார்கள். கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் யார்? அன்று என்ன பேச்சு வாங்கினார்கள்? ஆர்க்காட்டுக்காரர் சையது மொஹ்சின் உசேன் பெயராவது தப்பியது. லாம்டனுக்குப் பின் அளவையை நடத்திய ஜார்ஜ் எவரெஸ்டுக்குக் கருவி பழுதுபார்த்தவர். அந்த அரை டன்னைத் தோளில் சுமந்து குன்றேறியவர்களுக்கு அதுவும் இல்லை. முசூரியில் எவரெஸ்ட் வீட்டு முன்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டு வந்து எனக்கு அனுப்பினால் பதில் போட மாட்டேன், சொல்லிவிட்டேன்.

கோபம் வேண்டாம். உங்கள் வயதில் எனக்கு இது தோன்றியதே இல்லை, அப்பா உயிரோடு இருந்தும்.

கியர் பற்றி உங்கள் தெருப் பஞ்சர் கடைக்காரரிடம் கேளுங்கள். அப்பாவிடம் இருந்த, கழித்துக்கட்டிய சங்கிலி ஒன்று அல்சூரில் எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது. கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். எங்கள் மாடி 40 அடிதான், தெருவில்தான் விரிக்க வேண்டும். விடியற்காலையில் வந்தால் வண்டி வராது. ஒரு முனையை நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும்.