தலைக்காயத்துக்குப் பிறகு குரல் எழும்பவில்லை

கேள்வி: விபத்தில் என் கணவருக்கு (42) தலையில் பலத்த அடி. ஒரு வாரத்துக்கு மேல் வென்டிலேட்டரில் இருந்தார். இப்போது நான்கு மாதம் ஆகிறது. சொல்வதெல்லாம் புரிகிறது, சரியாகவே பதில் சொல்கிறார். ஆனால் குரல் எழும்பவில்லை. ஏற்ற இறக்கமே இல்லாமல் காற்றாக வருகிறது. தானாகச் சரியாகும் என்கிறார்கள். குரல் பயிற்சி தேவையா?

பதில்: தேவை. காத்திருக்க வேண்டாம். முதல் சில மாதங்களில்தான் மூளை வேகமாகத் தேறும். அதன் பிறகும் முன்னேற்றம் உண்டு, ஆனால் மெதுவாக.

சொற்கள் கிடைக்காமல் தவிப்பது அஃபேசியா. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இது அதுவல்ல. மூச்சையும் குரல்நாணையும் நாக்கையும் இயக்கும் தசைகளுக்கு மூளையின் கட்டளை சரியாகப் போய்ச் சேராத டிஸ்ஆர்த்ரியாவாக இருக்கலாம்.

ஆனால் ஒன்றை முதலில் பார்த்துவிட வேண்டும். வென்டிலேட்டர் குழாயை வாய்வழியாகப் போடும்போது அது குரல்நாண்களுக்கு நடுவேதான் இறங்கும். அதனால் அங்கே புண், தழும்பு ஏற்படலாம். ஒரு பக்கக் குரல்நாண் அசையாமலும் போகலாம். எல்லாவற்றுக்கும் தலைக்காயமே காரணம் என்று எண்ணி இதைப் பார்க்காமல் விடுவது பெரிய இழப்பு. ஏனென்றால் குரல்நாண்கள் சேராமல் இருந்தால் ஊசி மூலம் சரிசெய்யவும் வழி இருக்கிறது. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் எண்டோஸ்கோப்பி (சிறு கேமரா மூலம் குரல்நாண்களைப் பார்ப்பது) செய்துகொள்ளுங்கள், சில நிமிட வேலைதான். மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தால் மட்டும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கக்கூடும்.

அப்புறம் ஸ்பீச் தெரபிஸ்ட். அவர் மூச்சிலிருந்து தொடங்குவார். நிமிர்ந்து உட்காரவைத்து, 'ஆ' என்று எவ்வளவு நேரம் இழுக்க முடிகிறது என்று பார்ப்பார். ஒரு மூச்சுக்கு நான்கு சொல்தான் வருகிறதென்றால், நான்கில் நிறுத்தி மூச்செடுத்து மேலே பேசப் பழக்குவார். பிறகுதான் சத்தத்தை உயர்த்துவது. பார்க்கின்சன் நோயாளிகளுக்காக உருவான, வாரம் 4 நாள் வீதம் 4 வாரம் செய்யும் தீவிரப் பயிற்சி ஒன்று உண்டு. தலைக்காயம் பட்டவர்களில் சிலருக்கும் அதைக் கொடுக்கிறார்கள். தன் குரல் தாழ்ந்திருப்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். செல்போனில் பதிவு செய்து கேட்கவைத்தால் புரியும்.

வீட்டில் 'கத்திப் பேசுங்கள்' என்று வற்புறுத்தாதீர்கள். தொண்டையை இறுக்கிப் பேசினால் குரல் இன்னும் கெடும். தண்ணீர் குடித்ததும் இருமலோ, குரலில் ஈரக் கரகரப்போ வந்தால் விழுங்குவதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

களைப்பு இவர்களுக்குச் சீக்கிரம் வரும். அதனால் பயிற்சியைக் காலையில், சிறு சிறு பகுதிகளாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் பேசும்போது டிவியை அணைத்துவிட்டு எதிரே உட்காருங்கள். புரியாத சொல்லை மட்டும் திரும்பக் கேளுங்கள், முழு வாக்கியத்தையும் மறுபடி சொல்லவைக்க வேண்டாம்.