வேஃபரில் எவ்வளவு போரான் போடலாம்?

சோலார் செல்லுக்கு அடித்தளமாக இருக்கும் மெல்லிய சிலிக்கான் தகடான வேஃபரைப் பற்றி இம்முறை நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. முதல் கேள்வியை நானே எதிர்பார்த்துக் காத்திருந்தேன்.

மாசூட்டினால், அதாவது சிலிக்கானில் வேறு அணுக்களைச் சிறிதளவு கலந்தால், கடத்துதிறன் கூடும் என்று படிக்கிறோம். அப்படியென்றால் போரானை அள்ளிப் போட்டால் செல்லின் திறனும் கூடிக்கொண்டே போகாதா? (இயற்பியல் மாணவி)

கொஞ்ச தூரம் போகும், அப்புறம் சரியும். முதலில் அளவைப் பாருங்கள். போரான் கலந்த வழக்கமான பி-வகை வேஃபர் மீது நாலு ஊசி கொண்ட அளவியை வைத்தால், மின்தடை எண் 1 ஓம்-செ.மீ. அளவில் காட்டும். ஏறத்தாழ 33 லட்சம் சிலிக்கான் அணுக்களுக்கு ஒரே ஒரு போரான் அணு இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். இத்தனை சொற்பம்தான் செல்லையே இயக்குகிறது!

இதைப் பத்து மடங்காக்கினால், மற்றவை மாறாத வரை, மின்னழுத்தம் சுமார் 60 மில்லிவோல்ட் உயரும். 0.7 வோல்ட் தரும் செல்லுக்கு இது பெரிய லாபம். ஆனால் மற்றவை மாறாமல் இருப்பதில்லை. ஒளி பட்டு விடுபட்ட எலக்ட்ரான், வேஃபரின் தடிமனைக் கடந்து, பி-வகையும் என்-வகையும் சேரும் எல்லையான பி-என் சந்திக்குப் போய்ச் சேர வேண்டும். வழியெல்லாம் துளைகள் (எலக்ட்ரான் இல்லாத வெற்றிடங்கள்) நெருங்கிக் கிடந்தால் பாதியிலேயே ஒன்றில் விழுந்துவிடும். அதிலும் ஆகர் மறுசேர்க்கை மிக மோசமானது. எலக்ட்ரானும் துளையும் சேரும்போது வெளிவரும் ஆற்றலை அருகில் இருக்கும் இன்னொரு துளை வாங்கிக்கொள்கிறது. இரண்டு துளைகள் வேண்டிய விவகாரம் என்பதால், மாசு பத்து மடங்கானால் இந்த வழியில் எலக்ட்ரானின் ஆயுள் நூறில் ஒரு பங்காகிவிடும். மின்னோட்டம் விழும், அழுத்தத்தில் கிடைத்த லாபமும் கரையும்.

அப்போது மாசே இல்லாத சிலிக்கான்தான் சிறந்ததா?

கணக்கில் ஆம். ஒற்றைச் சந்தி சிலிக்கான் செல்லுக்குச் சொல்லப்படும் 29.4 சதவீத உச்சவரம்பு, மாசூட்டாத 110 மைக்ரான் வேஃபருக்குப் போட்ட கணக்குதான். நடைமுறையில் பின்புறம் புள்ளி புள்ளியாக உலோகம் தொடும் பெர்க் செல்லில், மின்னோட்டம் வேஃபருக்குள் பக்கவாட்டில் ஓட வேண்டும். மின்தடை கூடினால் அங்கேயே சக்தி வீணாகும். முழுப் பரப்பிலும் மின்னோட்டத்தை வாங்கும் ஹெட்டிரோஜங்ஷன் செல்லோ குறைந்த மாசைத் தாங்கும். எந்தச் செல் என்று சொல்லாமல் சரியான மாசு அளவைச் சொல்லவே முடியாது.

மாடியில் பேனல் போட்ட சில நாளிலேயே உற்பத்தி லேசாக இறங்கியது. பழுதா?

முதலில் தூசியையும் மேகத்தையும் பாருங்கள். அவை இல்லையென்றால், போரான் கலந்த பேனலில் இது தெரிந்த குணம். சிலிக்கானை உருக்கும் குவார்ட்ஸ் கிண்ணத்திலிருந்து ஆக்சிஜன் உள்ளே கலந்துவிடுகிறது. வெயில் பட்டதும் அது போரானோடு சேர்ந்து எலக்ட்ரானைப் பிடிக்கும் பொறியாகிறது. 1973-லேயே கவனிக்கப்பட்ட விஷயம் இது. இருட்டில் 200 டிகிரி சூடாக்கினால் பொறி கலையும், மறுபடி வெயில் பட்டால் திரும்ப வரும். ஒளியையும் சூட்டையும் ஒன்றாகக் கொடுத்து நிலையாக அடக்கும் முறை பின்னால்தான் வந்தது.

போரானுக்குப் பதில் காலியம் போட்டால் இந்தச் சிக்கலே இல்லை. ஆனால் காலியம் உருகிய குழம்பிலேயே தங்கிவிடும். திடமாகும் சிலிக்கானுக்குள் அதன் செறிவு குழம்பில் உள்ளதில் 0.8 சதவீதம்தான், போரானுக்கு 80 சதவீதம். அதனால் வேஃபர்களை அறுத்தெடுக்கும் சிலிக்கான் கட்டியின் தலைக்கும் வாலுக்கும் மின்தடை எண் வெகுவாக மாறும். அந்தத் தொல்லையைச் சமாளித்து இன்று காலியத்துக்கு மாறியிருக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.

'என்-டைப்' என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்கிறார்கள். தரலாமா?

வித்தியாசம் நிஜம். இதில் பாஸ்பரஸ் கலக்கிறார்கள். போரான்-ஆக்சிஜன் பொறி கிடையாது, இரும்புக் கசடும் பி-வகையில் போல அவ்வளவு கெடுக்காது. 1954-இல் பெல் ஆய்வகம் காட்டிய 6 சதவீதச் செல்லே என்-வகை அடித்தளம்தான். விண்வெளிக் கதிர்வீச்சைப் பி-வகை நன்றாகத் தாங்கியதால் 1960-களில் அதற்கு மாறினார்கள், கூரைக்கும் அதுவே வந்துவிட்டது. விலையை முடிவு செய்யும் முன் விவரத் தாளில் முதல் ஆண்டுத் தேய்மானத்தைப் பாருங்கள். பி-வகைக்குப் பொதுவாக 2 சதவீதமும் என்-வகைக்கு 1 சதவீதமும் போட்டிருப்பார்கள்.