உபினுக்குப் போக ஞாயிறு பார்க்காதீர்கள்

கேள்வி: டிசம்பர் விடுமுறைக்கு மதுரையிலிருந்து அண்ணன் குடும்பம் சிங்கப்பூர் வருகிறது. செந்தோசா எல்லாம் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். புலாவ் உபின் தீவுக்குக் கூட்டிப்போகலாம் என்றால் என் வீட்டுக்காரர், "போன தடவை அங்கே செக் ஜாவா கடலோரச் சதுப்பில் வெறும் தண்ணீரைத்தானே பார்த்தோம்" என்கிறார். மறுபடி போகலாமா?
- வாசகி, தெம்பனிஸ்

பதில்: தாராளமாகப் போங்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வசதியா என்று பார்ப்பதற்கு முன்னால் கடல் வற்றும் நேரத்தைப் பாருங்கள். நீங்கள் போனபோது கடல் ஏறியிருந்திருக்கும்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் கடல் நன்றாக உள்வாங்கும். அதற்கு அடுக்களையில் மாட்டியிருக்கும் நாள்காட்டியே போதும். பிறகு இணையத்தில் அலை அட்டவணையைத் திறந்து, நீர்மட்டம் அரை மீட்டருக்கோ அதற்குக் கீழோ இறங்கும் மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆண்டின் நடுவில் அது பெரும்பாலும் விடியற்காலையில் வந்து தொலைக்கும். டிசம்பரில் பிற்பகலிலோ மாலையிலோ வரும், உங்களுக்கு யோகம்தான். செக் ஜாவாவை 6 மணிக்கு மூடிவிடுவார்கள் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

அப்போது பலகைப்பாதையில் நின்றால், காலடியில் கடல்புல் படுக்கை தெரியும். ஒற்றைக் கொடுக்கை ஆட்டி ஆட்டி ஆண் நண்டுகள் பெண் நண்டுகளைக் கூப்பிடும். சேற்றில் மீன் துள்ளி நடக்கும். பிள்ளைகள் கைப்பேசியை மறந்துவிடுவார்கள். கீழே இறங்கி மணல்திட்டில் நடக்க வேண்டுமென்றால் வழிகாட்டியோடு போகும் நடைக்கு முன்பதிவு செய்யவேண்டும்.

இந்த இடத்தை மண் போட்டு நிரப்பத்தான் திட்டமிட்டிருந்தார்கள். இயற்கை ஆர்வலர்கள் விடாமல் எடுத்துச் சொன்னதால் 2001 கடைசியில் அது தள்ளிவைக்கப்பட்டது. பலகைப்பாதை 2007இல் திறந்தது. அங்கே வருகையாளர் மையமாக இருப்பது 1930களில் கட்டிய ஆங்கிலேயர் பாணி வீடு. உள்ளே குளிர்காயக் கணப்பு அடுப்பு வேறு! இந்த வெயிலில் யாருக்கு என்று அண்ணனைக் கேட்கச் சொல்லுங்கள்.

சாங்கி படகுத்துறையில் பயணச்சீட்டு, கால அட்டவணை எதுவும் கிடையாது. 12 பேர் சேர்ந்தால் படகு கிளம்பும். வார நாளில் ஆள் சேராவிட்டால் இருப்பவர்கள் மீதிக் கட்டணத்தைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். சில்லறை நோட்டு கொண்டுபோங்கள். டிசம்பர் மழைக்காலம், ஆளுக்கொரு மழைச்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இடி முழங்கினால் செக் ஜாவாவில் உள்ள ஜெஜாவி பார்வைக் கோபுரத்தில் ஏறவேண்டாம், அது 20 மீட்டர் உயரம்.

கேள்வி: உபினில் காட்டுப்பன்றி திரிகிறதாமே, குழந்தையோடு போக பயமாக இருக்கிறது.
- வாசகர், ஈசூன்

பதில்: திரிகிறது. அதற்கு உங்கள் குழந்தையைவிட நெகிழிப்பைமேல்தான் கண். பையின் சரசரப்புக் கேட்டாலே சாப்பாடு என்று வந்துவிடும். சைக்கிள் கூடையில் ரொட்டியை விட்டுவிட்டு உள்ளே போனால் திரும்பும்போது கூடை காலி. மிச்சத்தைக் குரங்கு பார்த்துக்கொள்ளும். சாப்பாட்டை முதுகுப்பைக்குள் வைத்து மூடுங்கள். எதிரே வந்தால் ஓடாமல் மெதுவாகப் பின்வாங்குங்கள், குட்டிகளோடு இருந்தால் இன்னும் தள்ளி நில்லுங்கள். தீனி போடவே கூடாது. "பாவம், பசிக்கும்" என்று போடுகிறவர்களால்தான் அவை மனிதரை அண்டிப் பழகுகின்றன.

கேள்வி: இருவாட்சியைப் பார்க்க முடியுமா?
- மாணவி, பீஷான்

பதில்: முடியும். 19ஆம் நூற்றாண்டிலேயே சிங்கப்பூரில் காணாமல் போன பறவை, 1994இல் உபினில்தான் மறுபடி கண்ணில் பட்டது. கூடு வைக்கப் பொந்துள்ள பெரிய மரம் போதாததால் செயற்கைக் கூடுகளும் வைத்தார்கள். அத்திமரம் பழுத்திருந்தால் அதன் அடியில் பொறுமையாக நில்லுங்கள். கரகரத்த சத்தம் கேட்டபின் அண்ணாந்து பார்த்தால் போதும்.

கேள்வி: அங்கே வாடகைக்கு எடுக்கும் சைக்கிளை நம்பலாமா?
- வாசகர், ஜூரோங்

பதில்: பிரேக்கைப் பிடித்துப் பார்த்த பிறகு நம்பலாம். செக் ஜாவா போகும் வழியில் இறக்கம் இருக்கிறது.