எந்த அளவு பொம்மை வாங்கலாம்? வார்கேமிங் கேள்வி பதில்

தண்டையார்பேட்டை: அண்ணே, பொம்மைப் படைகளை மேசையில் நிறுத்திப் போர் ஆடும் வார்கேமிங்கைப் புதுசா ஆரம்பிக்கிறேன். பொம்மை உயரம் 28 மி.மீ., 15, 6 என்று குழப்பமாக இருக்கிறது. எதை வாங்குவது?

எத்தனை பேரை நடத்த ஆசை என்று முதலில் முடிவு செய்யுங்கள் தம்பி. பத்துப் பேரை வைத்துத் தெருச்சண்டை என்றால் 28. முகம், பெல்ட், பொத்தான் எல்லாம் தெரியும், பெயின்ட் அடிக்கவே கை பரபரக்கும். டாங்க், பீரங்கியோடு ஒரு கம்பெனி, அதாவது நூறு பேர் சொச்சம் உள்ள படைப்பிரிவு, வேண்டுமென்றால் 15. முழுப் போர்க்களமும் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் 6.

வியாசர்பாடி: 28-இல் ரைபிள் ஏன் கொஞ்ச தூரம்தான் சுடுகிறது?

28 மி.மீ. பொம்மை ஏறக்குறைய 1/56, அதாவது நிஜ ஆளில் 56-இல் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் 300 மீட்டர் என்பது மேசையில் ஐந்தேகால் மீட்டருக்கு மேல். நம்ம பக்கத்து வீடுகளில் அவ்வளவு நீள அறைக்கு எங்கே போவது? அதனால்தான் விதிப்புத்தகங்கள் தரையின் தூரத்தை மட்டும் பொம்மையைவிட அதிகமாகச் சுருக்கிவிடுகின்றன. அதே 300 மீட்டர் 6 மி.மீ.யில், அதாவது 1/285-இல், ஒரு மீட்டர் சொச்சம்தான். ஆறடி மேசையில் சுற்றி வளைக்கக்கூட இடம் மிஞ்சும். படை நகர்த்துவதில் ருசி உள்ளவர்களுக்கு நான் எப்போதும் 6-ஐத்தான் சொல்வேன்.

பெரம்பூர்: 1/72 பிளாஸ்டிக் வீரர்களை 28-உடன் கலக்கலாமா?

வேண்டாம். 1/72-இல் 175 செ.மீ. ஆள் 24 மி.மீ.தான் வருவார். 28-இல் தலையும் கையும் வேண்டுமென்றே பெரிதாகச் செய்திருப்பார்கள். பக்கத்தில் நிறுத்தினால் அப்பாவும் பிள்ளையும் போல இருக்கும். 1/76 ரயில் மாடல் வீடுகளோடு 1/72 நன்றாகவே சேரும்.

ராயபுரம்: ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னையைச் சுட்டதை விளையாட வேண்டும். கப்பல் எந்த அளவில்?

இதைக் கேட்டதற்கே உங்களுக்கு ஒரு சலாம்! 1914 செப்டம்பர் 22 இரவு, நம்ம துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் எரிந்த கதை. எம்டன் நீளம் சுமார் 118 மீட்டர். 1/700-இல் 17 செ.மீ., பார்க்க அருமை. ஆனால் கப்பலுக்கும் கரைக்கும் 3 கி.மீ. என்று வைத்தால் மேசையில் நாலே கால் மீட்டர் வேண்டும். 1/1200-இல் இரண்டரை மீட்டர். 1/2400-இல் கப்பல் 5 செ.மீ., தூரம் ஒன்றேகால் மீட்டர், சாப்பாட்டு மேசையிலேயே முடிந்துவிடும். அதையே வாங்குங்கள். மேசையின் ஒரு ஓரம் முழுக்கக் கரை. தொட்டிகள், கோட்டைப் பக்கத்துப் பீரங்கிகள், அப்போது உயர்நீதிமன்றக் கட்டடத்தின் உச்சியில் இருந்த கலங்கரை விளக்கம் மூன்றும் கட்டாயம் வேண்டும். நவம்பர் 9-இல் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னியோடு நடந்த சண்டைக்கும் அதே அளவுக் கப்பல்கள் போதும். அங்கே தூரம் அதிகம், அதற்கு மட்டும் மொட்டை மாடித் தரைக்குப் போய்விடுங்கள்.

காசிமேடு: என் பையனுக்கு எட்டு வயசு. எது நல்லது?

1/72 பிளாஸ்டிக் வாங்கிக் கொடுங்கம்மா. பழைய உலோகப் பொம்மைகளில் ஈயம் இருக்கலாம், இப்போதைக்கு வேண்டாம்.

கொருக்குப்பேட்டை: ஒண்டுக்குடித்தனம், மேசையே கிடையாது. எதிராளி என் மச்சான், அவனிடம் 15 இருக்கிறது.

அப்போ நீங்களும் 15. எதிரே ஆள் இருப்பதுதான் பெரிய விஷயம். மூன்றடிக்கு மூன்றடி பிளைவுட் பலகை ஒன்று வாங்கி, ஆடாதபோது கட்டிலுக்கடியில் தள்ளிவிடுங்கள்.