பேட் காரெட்டின் சாவு உங்கள் பிரதியில் ஏன் இல்லை

‘பேட் காரெட் அண்ட் பில்லி த கிட்’ படத்தில் காரெட் கொல்லப்படும் காட்சி நண்பரின் பிரதியில் இருக்கிறது, உங்கள் வட்டில் ஏன் இல்லை என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் வட்டில் பழுது இல்லை. நீங்கள் பார்த்தது 1973இல் திரையரங்குகளுக்கு வந்த, ஏறத்தாழ 106 நிமிடப் பதிப்பு. முதிய பேட் காரெட் சுட்டுக் கொல்லப்படும் 1909ஆம் ஆண்டுத் தொடக்கக் காட்சியை உங்கள் நண்பர் பார்த்திருக்கிறார் என்றால், அவரிடம் இருப்பது 1988இல் வெளியான 122 நிமிட முன்னோட்டப் பதிப்பாகவோ (திரையரங்க வெளியீட்டுக்கு முன் போட்டுக் காட்டிய வடிவம்) 2005இல் வந்த 115 நிமிடப் பதிப்பாகவோ இருக்கலாம்.

இயக்குநர் சாம் பெக்கின்பாவுக்கும் படத்தை எடுத்த எம்ஜிஎம் நிறுவனத்துக்கும் எழுந்த மோதலில், படம் அவர் கையை மீறி வெட்டப்பட்டதே இதற்குக் காரணம். பழைய நண்பன் பில்லியைக் கொல்லும் காரெட், அந்த வேட்டையில் தன் சாவையும் தேடிக்கொள்கிறான் என்ற பொருள் அந்தத் தொடக்கத்தில்தான் முழுமையாகத் துலங்குகிறது என்பதால், அதை நீக்கியது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

நண்பரின் பிரதியில், வயிற்றில் குண்டுபட்ட முதிய ஷெரிஃப் (காரெட் அல்ல, வேறொரு காவல் அதிகாரி) ஆற்றங்கரையில் அமரும் காட்சியைப் பாருங்கள். பாடகர் பாப் டிலனின் குரல் இல்லாமல் இசை மட்டும் ஒலித்தால் அது 1988 பதிப்பு. குரலும் கேட்டால், இந்த இரண்டில் அது 2005 பதிப்பு.

நேரத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஐரோப்பாவின் பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறைக்கான வட்டுகளில் படம் சுமார் 4 விழுக்காடு வேகமாக ஓடுவதால், 122 நிமிடப் பதிப்பே 117 நிமிடமாகக் காட்டும்.